காலியாக விட்ட கட்டம்

வியாழன், நவம்பர் 14. லாசால், மொன்றியல்.

இன்று அகப்பட்டது நான்தான். நூலகத்தில் பழைய பத்திரிகை விளம்பரங்களைக் கணினியில் பதிவது என் வேலை. இருநூறு வருடங்களுக்கு முன்னர் இதே மொன்றியலில், தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துத் தரச் சொல்லி எசமானர்கள் போட்டவை. ஒரு பெண்ணின் வயது, பாவாடையின் நிறம் எல்லாம் பதிந்திருந்தேன். அவள் ஒளிந்திருக்கலாம் என்று எசமான் எழுதிய இடத்தை மட்டும் பதியவில்லை.

"இந்தக் கட்டம் மட்டும் ஏன் காலியா இருக்கு?" என்று கேட்டார் மேற்பார்வையாளர் வசந்தா. சென்னைக்காரர்.

"சண்டைக் காலத்தில ஊரில ஆமி வந்து அண்ணை எங்கை எண்டு கேட்டால், தெரியாது எண்டு சொல்லித்தான் பழக்கம். பதியக் கை வரேல்லை," என்றேன்.

வேலை போய்விடும் என்று பயந்தேன். அவர் அந்த விளம்பரத்துக்கு அடுத்த வருடப் பத்திரிகையைத் திறந்து காட்டினார். அதே எசமான் அதே பெண்ணை இன்னும் தேடிக்கொண்டிருந்தான். எனக்கு மூச்சு வந்தது. ஆமி கேட்டு வந்துகொண்டிருக்கும்வரை அண்ணை உயிரோடு இருக்கிறார் என்றுதான் எங்கள் வீட்டில் அர்த்தம்.

கட்டத்தை நிரப்பிவிட்டு வந்தேன்.

சாப்பிட்ட பிறகு, இப்போது இங்கேயே கார்ட்டியர்வில்லில் இருக்கும் அண்ணைக்குத் தொலைபேசியில் இதைச் சொன்னேன்.

"அப்ப அவள் பிடிபடேல்லை," என்றார்.

"ஓம்."

"பிறகு எங்கை போனவளாம்?"

"தெரியாது அண்ணை," என்றேன். அந்தப் பதிலை நான் உண்மையாகச் சொன்னது இன்றுதான்.