நான்தான் என்று சொல்ல வேண்டிய இடம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நாங்கள் மூவரும் சுகம், நீயும் அப்படியே இருக்க அவரைக் கேட்டுக்கொள்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, ஆனால் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து என்னோடு பேச்சு நின்றுவிட்டது. தட்டை வைத்துவிட்டு, ஆறிடும்னு உங்கப்பாகிட்ட சொல்லுடா என்று தம்பியிடம் சொல்கிறாள், நான் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறேன். காரணம் நீ. போனில் பேசினால் நீ அழுவாய், நான் இறங்கிப்போவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

போன வாரம் அம்மாவுக்கு என்ன சொன்னாய்? எங்க கம்பெனி கட்டுற ஆஸ்பத்திரியில குழந்தைங்க வார்டுக்குப் பெயிண்ட் மேஸ்திரி கலரைத் தப்பாக் கலக்கிட்டாரும்மா, வெளிர்நீலம் வரவேண்டிய சுவரு மழைமேகம் மாதிரி ஆயிடுச்சு, அவரை வேலையை விட்டு எடுத்துட்டாங்க, என் பேரு கெடாம கர்த்தர் காப்பாத்திட்டாரு, கோயில்ல ஸ்தோத்திரம் சொல்லிடுங்க என்று சொன்னாய். அவளும் மனம் குளிரக் கேட்டுவிட்டு சபை அய்யரிடம் சொல்லக் கிளம்பிவிட்டாள். கோயில் வாசலில் வைத்து நான்தான் தடுத்தேன். ஏன் என்று கேட்டவளுக்கு அங்கே பதில் சொல்லவில்லை, பெற்ற மகள் பெயரை வாசலில் வைத்துக் கெடுக்க மனசு வரவில்லை. ஆனால் எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. ஊரில் யாரிடம் வேண்டுமானாலும் இந்தக் கதையைச் சொல்லியிருக்கலாம், பெயிண்ட் கடைக்காரன் வீட்டிலா வந்து சொல்வாய்? நீ நடை பழகியதே டப்பாக்களுக்கு நடுவில். இந்தக் காலத்தில் எந்த மேஸ்திரி கலர் கலக்குகிறார்? கடையில் நம்பரை அடித்தால் மெஷின் சாயத்தை இறக்குகிறது, அதே நம்பர் மூடியில் ஒட்டி வருகிறது. மேஸ்திரி மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றி அடிக்கிறார், அவ்வளவுதான். தண்ணீர் ஊற்றி எவனும் வெளிர்நீலத்தை மேகம் ஆக்க முடியாது. அப்படியானால் நம்பரைக் கொடுத்தது யார்? போன மாதம் நீயே சொன்னாய், மூணு மாடிக்கும் கலர் நம்பர் எல்லாம் நான்தாம்பா குடுத்தேன் என்று. அன்றைக்கு அந்த நான்தான் எவ்வளவு கணீரென்று வந்தது. சுவர் கெட்டதும் அது எங்கே போயிற்று?

உன்னைத் தாழ்மையான பிள்ளை என்று எல்லோரும் சொல்கிறார்கள். கோயிலில் கடைசி வரிசையில் உட்காருவாய், பெரியவர்கள் முன்னால் குரல் எழாது, யாராவது பாராட்டினால் எல்லா மகிமையும் கர்த்தருக்கே என்பாய். நல்லது. மகிமையைக் கர்த்தருக்குக் கொடுத்தாய், தப்பை மேஸ்திரிக்குக் கொடுத்தாய், உன் கையில் என்னம்மா மிச்சம்? சம்பளம். தம்பி கூடச் சிரிக்கிறான், அக்கா கர்த்தரை இன்சூரன்ஸ் ஏஜெண்ட் ஆக்கிட்டாப்பா என்று. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆதாம் ஏவாளைக் காட்டினான், ஏவாள் பாம்பைக் காட்டினாள், அதற்காக அவர்கள் ஸ்தோத்திரக் கூட்டம் வைக்கவில்லை. நான் நான் என்று பேசாதே என்று சொல்லித்தான் உன்னை வளர்த்தோம். ஆனால் தப்பு நடந்த இடத்தில் நான்தான் என்று வாய்திறந்து சொல்ல முடியாதவளுக்கு மற்ற இடத்துத் தாழ்மை எல்லாம் வெறும் மேல்பூச்சு. ஈரச் சுவரில் அடித்த பெயிண்ட் அது, ஒரு மழைக்குத் தாங்காது.

அந்த ஆள் ஏன் வாய்திறக்கவில்லை என்று நினைக்காதே. திறந்திருப்பார், கேட்க ஆள் இருந்திருக்காது. உனக்கு நாற்காலி, அவருக்கு ஏணி. காண்ட்ராக்டர்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வார்கள், கலர் தெரியாதவன் என்ற பெயர் ஒரு மேஸ்திரிக்கு ஒட்டிவிட்டால் எந்தச் சைட்டிலும் ஏணி வைக்க விடமாட்டார்கள். உனக்கு இது முதல் வேலை, அவருக்கு இது தெரிந்த ஒரே வேலை. ஆகவே இதைப் படித்த மறுநாள் மேனேஜரிடம் போ. அழாதே, பைபிள் வசனம் சொல்லாதே, கர்த்தரை உள்ளே இழுக்காதே. நம்பர் தப்பாக் குடுத்தது நான்தான், அவரைத் திரும்பக் கூப்பிடுங்க என்று மட்டும் சொல். பிறகு மேஸ்திரி வீட்டைத் தேடிப்போய் அதையே அவர் முகத்துக்கு நேரே சொல். மேனேஜர் உன்னை வீட்டுக்குப் போகச் சொன்னால் வந்துவிடு, நம் கடையில் உனக்கு ஒரு ஸ்டூல் எப்போதும் உண்டு. பொய்யின் மேல் நிற்கிற உத்தியோகத்தைவிட அது உறுதியானது.

இவ்வளவும் எழுதி முடித்து அம்மாவுக்குக் கேட்கும்படி சத்தமாகப் படித்தேன். அவள் அடுப்பங்கரையை விட்டு வரவில்லை. அங்கிருந்தே தம்பியைக் கூப்பிட்டு, அந்த மேஸ்திரிக்கு எத்தனை பிள்ளைங்கன்னு அவளைக் கேக்கச் சொல்லி உங்கப்பாவை எழுதச் சொல்லுடா என்றாள். எழுதிவிட்டேன். அதற்குப் பதில் நீதான் சொல்ல வேண்டும்.

ஆண்டவர் உனக்கு நல்ல புத்தியும் அதைவிட நல்ல தைரியமும் தரட்டும். வேளாவேளைக்குச் சாப்பிடு. மேஸ்திரி திரும்ப ஏணி ஏறிவிட்டார் என்று நீ சொல்கிற வாரம் கோயிலில் நானே எழுந்து நின்று ஸ்தோத்திரம் சொல்கிறேன், அதுவரை அந்தப் பேச்சு வேண்டாம். மேனேஜரைப் பார்க்கப் போகும்போது அந்த வார்டுக்கு வந்த டப்பா மூடியை மறக்காமல் கையில் எடுத்துக்கொள், நீ கொடுத்த நம்பர் தெரிகிற பக்கம் மேலே இருக்கட்டும்.

கோபம் தீராத, பாசமும் குறையாத
உன் அப்பா