அப்பா தனியாகப் பஸ் ஏறிய நாள்

யோசு நகரம், அக்டோபர் 14

அன்பு மகள் சேரினுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் சுகந்தானே? கனடாவில் குளிர் தொடங்கியிருக்குமே. நெத்திலியும் கடற்பாசியும் அனுப்புகிற பெட்டியிலேயே இந்தக் கடிதத்தையும் வைக்கிறேன். போனில் சொன்னால் அழுதுவிடுவேன்.

அப்பா காலையில் தனியாகப் பஸ் ஏறிச் சந்தைக்குப் போயிருக்கிறார். இதற்குள் மூன்று முறை எழுந்து ஜன்னலைப் பார்த்துவிட்டேன்.

உன்னிடம் மறைத்ததைச் சொல்கிறேன். பார்க்கின்சன் நோய்க்கு மாத்திரை போடாவிட்டால் ஆணி அடித்தாற்போல் நின்றுவிடுவார். போட்டால் கை, கழுத்து, இடுப்பு எல்லாம் தானாக முறுக்கி ஆடும். அந்த ஆட்டம் நோயில்லை, இத்தனை வருட மருந்தின் வேலை என்றார் டாக்டர். ஏப்ரலில் பஸ்ஸில் ஓட்டுநர் பையன், “பெரியவரே, காலங்காத்தால குடிச்சிட்டு ஏறுனா எப்படி? இறங்குங்க” என்றுவிட்டான். இருபத்திரண்டு வருடம் அதே தடத்தில் பஸ் ஓட்டிய அப்பா, இறங்கிவிட்டார். மறுநாள், “டாக்டர் சொன்ன மாதிரி மூளையில கம்பி வைக்கிறதுன்னா வைக்கட்டும்” என்றார்.

ஆகஸ்டில், குவாங்ஜு ஆஸ்பத்திரியில், மண்டையில் துளையிட்டுக் கம்பியை வைத்தார்கள். பாதி நேரம் விழித்திருந்தாராம். ஏதாவது பேசுங்கள் என்றதும், தன் தடத்து நிறுத்தங்களை வரிசையாகச் சொன்னாராம். “உங்க வீட்டுக்காரர் எங்க எல்லாரையும் பஸ்ஸுல ஏத்திட்டாரும்மா” என்று நர்ஸ் வந்து சிரித்தாள்.

மூன்று வாரம் கழித்து, அந்தக் கம்பிக்கு மின்சாரம் அனுப்ப நெஞ்சில் தோலுக்கடியில் வைத்த கருவியை இயக்கினார்கள். மாத்திரை பாதியானது. ஆட்டம் அடங்கியது. சூப்பைச் சிந்தாமல் குடித்துவிட்டு, காலிக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உன் கல்யாணத்தில், அப்பா கையைப் பிடித்து நடக்க வேண்டியவள், பெரியப்பா கையைப் பிடித்து நடந்தாய். அப்பா தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து, ஆடுகிற கையைத் தொடைக்கடியில் அழுத்தி வைத்திருந்தார். குறையாகச் சொல்லவில்லை, சேரின். அன்று நானும் ஒன்றும் சொல்லவில்லையே.

இதோ, வந்துவிட்டார். கையில் ஒரு வாளைமீன். யாருக்கு எழுதுகிறாய் என்று கேட்டார். இரண்டு முறை கேட்ட பிறகுதான் எனக்கு விளங்கியது. சிகிச்சைக்குப் பின் குரல் தணிந்துவிட்டது. டாக்டர் முதலிலேயே எச்சரித்திருந்தார். குரல் போனால் போகட்டும் என்று ஒப்புக்கொண்டவர் அப்பாதான்.

உனக்கு என்று சொன்னேன். மீனைக் கழுவப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை போன் செய், கண்ணு. நான் எடுக்க மாட்டேன், அவர் எடுப்பார். ஒன்றும் கேட்காததுபோல் இருக்கும். வைத்துவிடாதே. காதோடு வைத்துக்கொண்டு கொஞ்சம் பொறுத்திரு. பேசுவார்.

நீங்கள் இருவரும் நன்றாக இருக்க வேண்டும்.

உன் அம்மா