நிலாவெளியில் படிகள் இல்லை

ஜூலை 9

இன்று ஐந்து அறைகளைப் பற்றி எழுதினேன். ஐந்தில் ஒன்றையும் நான் பார்த்ததில்லை.

கண்டிக்கு வரும் வெளிநாட்டுக்காரர்கள் இரண்டு நாள் இங்கே சுற்றிவிட்டுக் கடலுக்குப் போக ஆசைப்படுகிறார்கள். எந்த ஊர்க் கடல், எந்த வீட்டில் தங்குவது என்று அவர்களுக்குத் தெரிவதில்லை. அதைத் தேர்ந்தெடுக்க உதவத்தான் என் முதலாளி ருஷ்தி நானா (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே நானா என்போம்) இந்த இணையப் பக்கத்தை நடத்துகிறார். அவருடைய அலுவலகம் மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்தில், துணிக்கடைக்கு மேல். அவர் படங்களை அனுப்புவார். நான் தமிழில் எழுதுவேன். கணினி அதை இங்கிலீஷ் ஆக்கிவிடும்.

இந்த வேலையில் பேச வேண்டியதில்லை. போன் அடித்தால் நானா எடுத்துக்கொள்வார். பத்தாம் ஆண்டில் பள்ளிக்கூடத்தை விட்டதே பேச முடியாமல்தான். எழுந்து வாசி என்றால் குரல் வராது. முப்பத்தெட்டுப் பேர் காத்திருப்பார்கள். வராது.

கடலையும் பார்த்ததில்லை. நான் பார்த்த பெரிய தண்ணீர் தெல்தெனியாவில் இருக்கும் விக்டோரியா நீர்த்தேக்கம்தான்.

ஜூலை 12

கிழக்குக் கடலோரம், நிலாவெளியில் ஒரு வீடு. நான்கு அறை, முன்னால் இரண்டு பனை, பின்னால் மணல். எழுத ஒன்றுமே இல்லை. மற்ற வீடுகளில் நீச்சல் தடாகம் இருக்கிறது, இதற்கும் ஏதாவது வேண்டும் என்று நானா சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டின் பின் கதவிலிருந்து பழைய கருங்கற் படிகள் தண்ணீருக்குள் இறங்குகின்றன, காலையில் தண்ணீர் வற்றும்போது ஏழு படிகள் தெரியும் என்று எழுதினேன்.

ஏன் அப்படி எழுதினேன்? சின்ன வயதில் அப்பா எங்களைத் தெல்தெனியாவுக்குக் கூட்டிப்போனார். அணை கட்டியபோது பழைய ஊர் தண்ணீருக்குள் போய்விட்டது. அப்பாவுக்கு அப்போது பத்து வயது. நல்ல வெயில் காலத்தில் தண்ணீர் இறங்கினால் பழைய சுவர்கள் வெளியே வரும். அன்றைக்கு அப்பா தூரத்திலிருந்து கையை நீட்டிக் காட்டினார். அவர்கள் வீட்டுக்குப் பின்னால் மகாவலி ஆற்றுக்கு இறங்கிய படிகள். கிட்டப் போகவில்லை.

நானா வாசித்துவிட்டுச் சிரித்தார். “கடலென்ன கொளமா புள்ள, தண்ணி வத்துறதுக்கு?” ஆனாலும் அப்படியே போட்டுவிட்டார்.

ஜூலை 20

அந்த வீட்டைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள்.

ஜூலை 28

தங்கிப்போன ஒரு தம்பதி கருத்து எழுதியிருக்கிறார்கள். கணினி அதைத் தமிழாக்கித் தந்தது:

“படிகள் மிகவும் அழகாக உள்ளன. நீங்கள் ஏழு என்று எழுதினீர்கள். நாங்கள் எட்டு எண்ணினோம்.”

படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். மணல். மணல் மட்டும்தான்.

ஆகஸ்ட் 6

இன்னொருவர். ஒன்பது என்கிறார்.

நான் எழுதிய அந்த இரண்டு வரிகளையும் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டேன். ஆட்கள் எழுதிய கருத்துகளை எடுக்க எனக்கு முடியாது.

மழையே இல்லை. வீட்டுக் குழாயில் இரண்டு நாளைக்கு ஒரு தடவைதான் தண்ணீர். விக்டோரியா வற்றிக்கொண்டே போகிறது என்று அப்பா சொன்னார். அவர் தெல்தெனியா பக்கம் சாமான் ஏற்றிப்போகும் லொறி ஓட்டுகிறார். பழைய வீட்டுப் படிகள் தெரிகின்றனவா என்று கேட்டேன். ஒன்பது தெரிகிறது என்றார்.

ஆகஸ்ட் 14

பெரஹரா ஊர்வலக் கூட்டம். பஸ் இல்லாமல் பாதி வழி நடந்துதான் வீட்டுக்கு வந்தேன். நடக்கும்போது போனில் வந்தது இது. ஒரு எழுத்தும் மாற்றாமல் இங்கே எழுதி வைக்கிறேன்:

“பத்தாவது படியில் நாங்கள் கால் நனைத்தோம். அதற்குக் கீழே ஒரு சிறுமி நின்றாள். இரட்டைப் பின்னல். முடி ஈரமாக இருந்தது. இன்னும் ஒரு படிதான் என்று எங்களிடம் கூறினாள். பேருந்துக்கு நேரமானதால் திரும்பினோம். ஐந்து நட்சத்திரங்கள்.”

போனை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். பூட்டி என்ன?

ஆகஸ்ட் 16

இன்று நான் போனில் பேசினேன்.

நானா ஜும்ஆ தொழுகைக்குப் போயிருந்தார். அந்த வீட்டுக்காரி பெயர் நிரஞ்சனி. எண்ணை அழுத்தி மூன்று தடவை வைத்துவிட்டேன். நாலாவது தடவை அந்த அம்மாவே திருப்பி அழைத்தார். உங்கள் வீட்டுக்குப் பின்னால் படி இருக்கிறதா என்று எப்படியோ கேட்டுவிட்டேன்.

“இஞ்ச படி ஒண்டும் இல்லப் பிள்ளை. வெறும் மணல். நீங்கள் ஆரோ எழுதிப் போட்டியள் எண்டு வாற ஆக்கள் எல்லாம் கேக்கினம், படி எங்க, படி எங்க எண்டு.”

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் குரலை இறக்கிக்கொண்டு சொன்னார்.

“முதல் நாள் தான் கேக்கினம். ரெண்டாம் நாள் ஒருத்தரும் கேக்கிறேல்ல.”

ஆகஸ்ட் 19

காலையில் வந்த விண்ணப்பங்களில் மூன்றாவது: நடாஷா வில்பிரட். செப்டம்பர் 1 முதல் 4 வரை, இருவர். படிக்கட்டுப் பக்கத்து அறைதான் வேண்டும்.

என் அக்கா. முப்பத்தோராம் திகதி அவளுக்குக் கல்யாணம். எங்கே போகப்போகிறார்கள் என்று கேட்டால் அவளும் சுமன் அத்தானும் சிரித்துக்கொண்டு மழுப்புவார்கள். அந்தப் பக்கத்தில் எழுதுவது நான்தான் என்று அவளுக்குத் தெரியாது. அலுவலகத்தில் டைப் அடிக்கிறேன் என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறேன்.

‘மன்னிக்கவும், அறைகள் நிரம்பிவிட்டன’ என்று பதில் அனுப்பினேன். எழுதுவது எவ்வளவு சுலபம்.

ஆகஸ்ட் 21

அக்கா நேரே நிரஞ்சனி அம்மாவுக்கே போன் போட்டு அறை எடுத்துவிட்டாள். சாப்பிடும்போது ஒரே ஏச்சு. “ஒங்க ஆபீஸ்ல யாருடி பதில் எழுதுறது? ரூம் இருக்கு, இல்லேனு பொய் சொல்லுதுங்க.”

நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். சொல்லு, இப்போது சொல்லு என்று எனக்கு நானே சொன்னேன். வரவில்லை. அதே வகுப்பறை.

ஆகஸ்ட் 25

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து மாதா கோவில் வளவில் அப்பாவிடம் போனை நீட்டினேன். அந்தப் பத்தாவது படிக் கருத்து. அப்பா இரண்டு தடவை வாசித்தார். பிறகு அங்கே கிடந்த மர வாங்கில் உட்கார்ந்துவிட்டார்.

அப்பாவுக்கு ஒரு அக்கா இருந்திருக்கிறாள். லூர்து. பன்னிரண்டு வயது, இரட்டைப் பின்னல். எங்களுக்கு இதுவரை யாரும் சொன்னதில்லை.

“பதினோரு படி இருந்துச்சும்மா. பதினோராவதுக்குக் கீழ எறங்கக் கூடாதுனு வீட்டுல சொல்லுவாங்க, அதுக்கப்புறம் ஆழம். அவ ‘இன்னும் ஒரு படிதான்டா’னு சொல்லிக்கிட்டே எறங்குனா. நான் மேல நின்னுக்கிட்டு இருந்தேன். கூப்பிட்டிருக்கலாம். வாயே வரல.”

ஆளும் கிடைக்கவில்லையாம். அவளுடைய ஒரு செருப்பு மட்டும் படியில் கிடந்ததாம். அடுத்த வருசம் அணைத் தண்ணீர் வந்து ஊரையே மூடிவிட்டது.

நடாஷாவிடம் தானே சொல்வதாக அப்பா சொன்னார்.

ஆகஸ்ட் 27

அப்பா மூன்று தடவை அக்காவின் அறை வாசல்வரை போய்த் திரும்பினார். நான் யாரைப்போல என்று இப்போது தெரிகிறது.

தெல்தெனியாவில் பத்துப் படி தெரிகிறதாம்.

ஆகஸ்ட் 28

சொல்லிவிட்டேன்.

அக்கா கல்யாணச் சட்டையைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் நின்று கொக்கி மாட்டிக்கொண்டே சொன்னேன். முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்பதால் முடிந்தது.

“அந்தப் படிய நான்தான் எழுதுனேன் அக்கா. அங்க படி இல்ல. நீ போகாத.”

கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். இத்தனை பேர் பார்த்த படி எப்படி இல்லாமல் போகும் என்று கேட்டாள். அந்தச் சிறுமியைப் பற்றிச் சொன்னேன். லூர்து அத்தை என்ற பெயரையும் செருப்பையும் மட்டும் சொல்லவில்லை, அது அப்பாவுடையது.

“வருசக் கணக்கா வாயே தொறக்க மாட்டே. தொறந்தா பேய்க் கதை,” என்று என் தலையில் குட்டினாள். சுமன் அத்தான் லீவு போட்டாயிற்று, இனி ஒன்றும் மாற்ற முடியாது என்றாள். படி என்று ஒன்றைக் கண்டால் இறங்க மாட்டேன் என்று சத்தியம் செய்தாள். சிரித்துக்கொண்டேதான் செய்தாள்.

ஆகஸ்ட் 31

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. அக்கா அழவில்லை. அப்பா அழுதார்.

செப்டம்பர் 1

பின்னேரம் அக்கா போனில் பேசினாள். “ஒரு மண்ணும் இல்லடி இங்க, வெறும் மணல்தான். படி எங்கனு நானும் தேடித் தேடிப் பாக்குறேன். நல்லா எழுதுறே போ.”

நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகுதான் நினைவு வந்தது. இது முதல் நாள்.

செப்டம்பர் 2

எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால் நாளைக்கு நானே நம்ப மாட்டேன்.

பின்னேரம் ஐந்தரை மணிக்கு அக்காவுடைய அழைப்பு. அவள் குரல்தான், ஆனால் தூங்கி எழுந்தவள் பேசுவதைப்போல.

“சமி, நீ எழுதுனது சரிதான்டி.”

அத்தான் எங்கே என்று கேட்டேன். கடைக்குப் போயிருக்கிறார் என்றாள். நீ எங்கே நிற்கிறாய் என்று கேட்டேன்.

“ஒம்பதுல. இல்ல, இது பத்து. தண்ணி சில்லுனு இருக்கு. வாயில ஊத்திப் பாத்தேன், உப்பே இல்ல. ஆத்துத் தண்ணி மாதிரி.”

பின்னால் தண்ணீர் சத்தம். எனக்குக் கடலின் சத்தம் தெரியாது. ஆனால் மகாவலியின் சத்தம் தெரியும்.

“கீழ ஒரு பிள்ளை கூப்பிடுது,” என்றாள்.

என் குரல் போய்விட்டது. வாயைத் திறந்தேன், காற்றுத்தான் வந்தது. முப்பத்தெட்டுப் பேர் காத்திருக்கிறார்கள். பிறகு — எங்கிருந்து வந்தது என்று தெரியாது — ஏறு அக்கா, ஏறு, மேல ஏறு என்று கத்தினேன். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. குசினியில் அம்மா ஏதோ சட்டியைக் கீழே போட்டார்.

அப்பா வந்து என் கையிலிருந்து போனை வாங்கினார். அக்காவின் பெயரை அவர் சொல்லவில்லை. அதட்டவும் இல்லை. விளையாடும் பிள்ளையைச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவதைப்போலக் கூப்பிட்டார்.

“லூர்து, போதும். நேரமாச்சு. மேல வா.”

கொஞ்ச நேரம் தண்ணீர் மட்டும். பிறகு ஈரக் கால்கள் கல்லில் ஏறும் சத்தம். நான் அப்பாவின் கன்னத்தோடு காதை வைத்துக் கேட்டேன். ஏறியது ஒருவர் இல்லை.

அழைப்பு அறுந்தது. கால் மணி கழித்து அத்தான் அழைத்தார். அக்கா மணலில் உட்கார்ந்திருக்கிறாளாம், பாவாடை முழங்கால்வரை நனைந்திருக்கிறதாம், மயக்கம் போல என்றார். நாளைக்கே வந்துவிடச் சொன்னேன். ஆமாம், நான்தான் சொன்னேன்.

செப்டம்பர் 3

அக்கா வீட்டுக்கு வந்தாள். கறுத்திருக்கிறாள். நேற்று நடந்ததில் பாதி நினைவில்லை என்கிறாள். அத்தான் குளிக்கப் போன பிறகு மெதுவாகச் சொன்னாள்.

“அப்பா சத்தம் கேட்டுச்சு. ஏறுனேன். அந்தப் பிள்ளையும் எனக்குப் பின்னாலயே ஏறி வந்துச்சு. மேல வந்து திரும்பிப் பாத்தா மணல்தான்.”

அப்பா ஒன்றே ஒன்று கேட்டார். “செருப்புப் போட்டிருந்துச்சா?”

“ஒரு கால்ல மட்டும்,” என்றாள் அக்கா.

அப்பா எழுந்து குசினிக்குள் போனார். பைப்பைத் திறந்துவிட்டார். வெகு நேரம் மூடவில்லை. இன்றைக்குக் குழாயில் தண்ணீர் வரும் நாள் இல்லை. ஆனாலும் வந்துகொண்டே இருந்தது.

செப்டம்பர் 8

அப்பா பூசையை லூர்து மேரி அத்தையின் ஆத்துமாவுக்காக ஒப்புக்கொடுக்கச் சொன்னார். முதல் தடவையாகப் பெயரை எல்லோரும் கேட்கச் சொன்னார்.

அக்டோபர் 15

பத்து நாளாக மழை. தெல்தெனியாவில் படி ஒன்றுகூடத் தெரியவில்லை, எல்லாம் தண்ணீர் என்று அப்பா சொன்னார். லொறியை நிறுத்திவிட்டுக் கிட்டப் போய்ப் பார்த்தாராம்.

நிலாவெளி வீட்டுக்கு இன்று ஒரு கருத்து வந்தது:

“பழைய கருத்துகளில் கூறிய படிகள் எங்கும் இல்லை. இரண்டு நாட்களும் தேடினோம். மணல் மட்டுமே. நீர் மிகவும் உப்பு. இரண்டு நட்சத்திரங்கள்.”

ருஷ்தி நானாவுக்குக் கவலை. நான் அதை மூன்று தடவை வாசித்தேன். இரண்டு நாட்களும் தேடினோம் என்ற இடத்தை இன்னொரு தடவையும்.

நானா கீழே பிளேன்டீ குடிக்கப் போயிருந்த நேரம் போன் அடித்தது. எடுத்தேன். நிலாவெளியில் தங்க எந்த வீடு நல்லது என்று ஒரு பெண் தமிழில் கேட்டார்.

நான் இன்னும் கடலைப் பார்த்ததில்லை, விசாரித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.