பிறக்குமுன்பே வேலைக்கு வந்தவர்கள்

14 மார்ச் 1994, திங்கள்

சிங்கப்பூர்க்காரர்கள் வந்துவிட்டார்கள், மூன்று கார்களில். எங்கள் சின்ன ஊரான சிம்பாங் அம்பாட்டில் எங்களைத் தவிர வேறு யாரும் இல்லாததுபோல் ஒரு பரபரப்பு. எங்கள் கையுறைத் தொழிற்சாலையில் அறுபது விழுக்காட்டை வாங்கப் போகிறார்களாம். முதலாளி தனபாலன் டை கட்டியிருந்தார். பதினேழு வருடமாக இங்கே ஆள் பதிவேடு எழுதுகிறேன், அவரை டையோடு பார்த்தது இன்றுதான்.

வழவழவென்று ஒரு புத்தகம் கொடுத்தார்கள். ஹாங்காங் வங்கியிலிருந்து விலகிய இருவர் தொடங்கிய முதலீட்டு நிறுவனம். பணம் அவர்களுடையது இல்லை. எங்கோ வெளிநாட்டு ஆசிரியர்களின் ஓய்வூதிய நிதி. அதைக் கம்பெனிகளில் போட்டு, ஐந்து வருடத்தில் விற்று, பெருக்கித் தர வேண்டும். ஏற்கெனவே வாங்கியவை: பேங்காக்கில் மீ நூடுல்ஸ் தொழிற்சாலை, மணிலாவில் மருத்துவமனை, ஜொகூரில் செருப்புத் தொழிற்சாலை. எல்லாப் படத்திலும் எல்லோரும் சிரிக்கிறார்கள்.

16 மார்ச்

மாட்டிக்கொண்டேன்.

அவர்கள் அனுப்பிய அஞ்சனா என்ற பெண் பதிவேட்டை வரி வரியாகப் பார்க்கிறாள். "ஆன்டி, நம்பர் இருபத்தேழு, பவானேஸ்வரி. பொறந்தது செவன்டி த்ரீ. வேலைக்குச் சேந்தது செவன்டி ஒன். எப்படி லா?"

என்ன சொல்வேன்? தோட்டத்து ரப்பர் ஆலையாக இருந்த காலத்து வழக்கம். அம்மா வேலையிலிருந்து நின்றால் அவள் எண் மகளுக்கு, எண்ணோடு அம்மாவின் வருடங்களும். பெத்தம்மாள் நின்று மகள் பவானேஸ்வரி வந்தபோது பெயரை மட்டும் மாற்றினேன், தேதியைத் தொடவில்லை. இப்படி முப்பத்தெட்டுப் பேர். முதலாளியின் அப்பா கொடுத்த வாக்கு அது. காகிதத்தில் எங்கும் இல்லை.

17 மார்ச்

"உண்மைத் தேதியப் போட்டு எல்லார்கிட்டயும் சைன் வாங்கிடு சரோஜினி. திங்கட்கிழமைக்குள்ள. இல்லாட்டி அவங்க வாங்க மாட்டாங்க" என்றார் முதலாளி. கதவுவரை போய்த் திரும்பி, "உன் வேலைக்கு ஒண்ணும் ஆகாது, பேசிட்டேன்" என்றார்.

அதை ஏன் சொன்னார்?

19 மார்ச்

அந்தச் செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்த சித்தப்பா மகன் கிருபாலன் அண்ணாவுக்குப் போன் போட்டேன். "வாங்கி ரெண்டு வருசத்தில மிசின் எல்லாத்தையும் லோரியில ஏத்திக்கொண்டு போயிட்டாங்கள், தங்கச்சி. எத்தனை வருசம் வேலை செய்ததெண்டு பாத்துத்தான் நட்டஈட்டுக் காசு. பழைய ஆக்கள் தப்பிச்சினம்."

இங்கேயும் அப்படி நடந்தால் பவானேஸ்வரிக்கு இருபத்து மூன்று வருடத்துக்குப் பதில் இரண்டு வருடம்தான். பழைய தேதி பொய்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பொய்யை நம்பித்தானே அம்மாக்காரிகள் நின்றபோது ஒரு காசும் வாங்காமல் வீட்டுக்குப் போனார்கள்?

20 மார்ச்

அந்த முப்பத்தெட்டுப் பேரிடமும் சொல்லிவிடலாமா? சொன்னால் ஒருத்தியும் கையெழுத்துப் போட மாட்டாள். விற்பனை முறியும். பழைய இயந்திரங்களை வைத்துக்கொண்டு எத்தனை நாள் ஓட்டுவது? என் மகளுக்குப் படிப்பு இன்னும் ஒரு வருடம் இருக்கிறது— ச்சே, அதைத்தானா முதலில் நினைக்கிறேன்? இல்லை, மூன்றாவதாகத்தான் நினைத்தேன்.

21 மார்ச்

முடிந்தது. முப்பத்தெட்டுத் தாள், எல்லாம் ஆங்கிலத்தில். "என்னக்கா இது?" "புதுக் கம்பெனிக்கு." அதில் பொய் இல்லை. ஒருத்தியும் படித்துக் காட்டச் சொல்லவில்லை.



18 ஏப்ரல்

புது மேசை கொடுத்திருக்கிறார்கள். பெரியது.

9 ஆகஸ்ட் 1996, வெள்ளி

இயந்திரங்கள் எல்லை தாண்டி ஹாட் யாய்க்குப் போகின்றன. அங்கே ரப்பர் பாலும் மலிவு, ஆளும் மலிவு. வேலை நீக்கக் கடிதங்களை நான்தான் கொடுக்க வேண்டும் என்றார்கள். என் பெயருக்குக் கடிதம் இல்லை.

பவானேஸ்வரி தன்னுடையதை வெகுநேரம் பார்த்தாள். "நாலு வருஷம்னு போட்டிருக்கு. அம்மாவோட வருஷமெல்லாம் எங்கக்கா?"

சொன்னேன். அன்றைக்குக் கையெழுத்து வாங்கிய தாளில் என்ன இருந்தது என்று சொன்னேன். இப்படி ஆகலாம் என்று எனக்கு முன்பே தெரியும் என்பதையும் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருக்கலாம்.

"அந்த சிங்கப்பூர் பொண்ணு நீட்டியிருந்தா, யாரையாவது படிச்சுக் காட்டச் சொல்லியிருப்போம்" என்றாள். "நீங்க நீட்டுனீங்க. அதான் கேக்கல."

அவளுக்குப் பின்னால் அடுத்தவள் நின்றுகொண்டிருந்தாள். அவளுடைய கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன்.