நீங்கள் அனுப்பிய சம்பளப் பட்டியல்

அக்கா,

இன்று காலை உங்களிடமிருந்து எனக்கு ஒரு மெயில் வந்தது. நம் வலைத்தளத்தின் நன்கொடைப் பக்கம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க என் போனிலிருந்து பத்து ரூபாய் போட்டேன். அடுத்த நிமிடம் நன்றிக் கடிதம் வந்து விழுந்தது. "நீங்கள் அனுப்பியது வந்து சேர்ந்தது. பிள்ளைகள் படிப்பார்கள். வெயிலில் ரொம்ப அலையாதீர்கள், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்." நீங்கள் எழுதி வைத்த வரிகள்! உங்கள் மேசையை எடுத்துவிட்டார்கள், ஊழியர் பக்கத்திலிருந்து பெயரை எடுத்துவிட்டார்கள், இதை எடுக்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. பணம் கொடுக்கிறவருக்கு வெயிலைப் பற்றிப் புத்தி சொல்கிற நிறுவனம் நம்முடையது ஒன்றாகத்தான் இருக்கும். முதலில் சிரித்தேன். அப்புறம் பாத்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அரூரில் உரக்கடைக்கு மேல் மாடியில் நாம் ஆறு பேர். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசமாகப் பாட வீடியோ போடுகிற வேலை, ஊரார் அனுப்பும் நன்கொடையில் ஓடுகிற வேலை. அதற்கு முன் நீங்கள் தாலுகா ஆபீசுக்கு எதிரில் மனு டைப் அடித்துக்கொண்டிருந்தீர்கள். மெயிலோடு கோப்பை இணைத்து அனுப்புவது எப்படி என்று உங்களுக்குக் காட்டிக்கொடுத்தவளே நான்தான். ஆனால் எனக்கில்லாத பழக்கம் ஒன்று உங்களுக்கு இருந்தது. எந்த மெயிலையும் முதலில் உங்களுக்கே அனுப்பி, திறந்து, உதடு அசைய முழுவதும் படித்துவிட்டுத்தான் மற்றவர்களுக்கு அனுப்புவீர்கள். நான் கேலி செய்தால், "மனுவுல ஒரு எழுத்து மாறுனா அந்த மனுசன் மறுக்கா பஸ் ஏறி வரோணும் கண்ணு" என்பீர்கள்.

நம் இயக்குநர் விவேக்கைப் பற்றி இன்றுவரை என்னால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. பெங்களூரிலிருந்து மாதம் ஒரு முறை காரில் வருவார். "இங்க சார், மேடம் எதுவும் வேணாங்க. நாமெல்லாம் ஒரே குடும்பம். பேர் சொல்லியே கூப்பிடுங்க" என்பார். நீங்களும் பணிவாக, "சரிங்க விவேக் சார்" என்பீர்கள். அவர் வந்த வெள்ளிக்கிழமைகளில் எல்லோரும் தரையில் வட்டமாக உட்கார வேண்டும். ஒரு ஸ்பாஞ்ச் பந்து கைமாறி வரும். பந்து யார் கையில் இருக்கிறதோ அவர் மனதில் இருப்பதைப் பேசலாம், மற்றவர்கள் குறுக்கே பேசக்கூடாது. உங்களுக்கு முட்டிவலி, தரையில் உட்கார முடியாது. சுவரோரமாக நாற்காலியில் இருப்பீர்கள். பந்து தரையோடு தரையாக ஒரு சுற்று வந்து அவரிடமே போய்விடும். உங்களுக்கு ஒரு நாளும் அது எட்டியதில்லை. அப்போது எங்கள் யாருக்கும் அது உறைக்கவுமில்லை.

நீங்கள் இருந்த கடைசி வருடம் நன்கொடையாளர் எல்லோருக்கும் ஆண்டறிக்கையை அனுப்ப வேண்டியது உங்கள் வேலை. அதில் விவேக்கின் சம்பளம் 'நிர்வாகச் செலவு' என்ற ஒற்றை வரிக்குள் அடங்கியிருந்தது. ஆடிட்டருக்காக ஆள் ஆளாகப் பிரித்துப் போட்ட பட்டியல் பக்கத்துக் கோப்பில் இருந்தது. நீங்கள் அந்தப் பட்டியலை இணைத்துவிட்டீர்கள். போயே போய்விட்டது, அத்தனை பேருக்கும்! அவர் ஒரு மாதம் வாங்குவதை எட்ட நீங்களோ நானோ ஒரு வருடத்துக்கு மேல் உழைக்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரியும்.

மறுநாள் திருவண்ணாமலையிலிருந்து ஒரு பெரியவர் போன் செய்தார். "நான் பென்சன்ல இருந்து போடறேம்மா. அது பசங்களுக்குப் போவுதா, அவருக்குப் போவுதா? அத மட்டும் சொல்லு." போனைப் பொத்திக்கொண்டு உங்களைப் பார்த்தேன். "ரெண்டுக்குந்தான்னு சொல்லு கண்ணு. அதுல என்ன பொய்?" என்றீர்கள்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் நான் கொதித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் அவருக்காகப் பேசினீர்கள். "முன்ன இருந்த பெங்களூர் கம்பெனியிலயே இருந்திருந்தா இன்னும் ஜாஸ்தி வாங்கியிருப்பாராம். அவரு இல்லீன்னா பெரிய டொனேசனெல்லாம் யாரு கொண்டாருவாங்க?" பஸ்ஸில் ஏறும்போது, "ஆனா குடும்பங்கறாரே. குடும்பத்துல யாராச்சும் தட்ட மூடி வெச்சுக்கிட்டுத் திம்பாங்களா?" என்றீர்கள். இதில் எது உங்கள் மனது? எனக்கு இப்போதும் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை விவேக் வந்தார். கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. "யாரையும் குத்தம் சொல்ல வரலைங்க. இது எப்படி நடந்திருக்கும்னு மனசு விட்டுப் பேசலாம்" என்று பந்தை உருட்டிவிட்டார். எனக்கு முன்னால் பேசிய வீடியோ எடிட்டர், "கை தவறிப் போயிருக்கும். அவங்களுக்கு கம்ப்யூட்டர் புதுசு பாருங்க" என்றான். எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. என் அக்காவை ஒன்றும் தெரியாதவள் என்பதா? பந்து கைக்கு வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னேன்: "அக்கா தப்பே பண்ண மாட்டாங்க. ஒவ்வொரு மெயிலையும் தொறந்து படிச்சுப் பாத்துட்டுத்தான் அனுப்புவாங்க."

எவ்வளவு பெருமையாகச் சொன்னேன் தெரியுமா, அக்கா? விவேக் தலையைத் தூக்கி உங்கள் நாற்காலியைப் பார்த்தார். அப்போதும் எனக்கு விளங்கவில்லை. பந்தைப் பக்கத்து ஆளிடம் தள்ளிவிட்ட பிறகுதான், பாழாய்ப்போன என் வாய் என்ன செய்துவிட்டது என்று புரிந்தது. பந்து அன்றும் உங்கள் நாற்காலிக்கு வரவில்லை. உங்களிடம் யாரும் கேட்கவுமில்லை.

திங்கட்கிழமை உங்கள் மெயில் திறக்கவில்லை. நம்பிக்கை போய்விட்டது, இனி வர வேண்டாம் என்றார்கள். அதற்கும் கேக் வெட்டினார்கள், குடும்பமாயிற்றே! உங்கள் பங்கைப் பேப்பரில் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினீர்கள். அன்று வீட்டுக்குப் போகிற வழியில்தான் எனக்கு ஞாபகம் வந்தது. பட்டியல் போன அன்று உங்கள் மகளைச் சேலத்தில் பிரசவத்துக்குச் சேர்த்திருந்தார்கள். உங்கள் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அன்றைக்கு ஒருவேளை நீங்கள் திறந்து பார்க்காமலே அனுப்பியிருக்கலாம். இதை ஏன் நான் அங்கே சொல்லவில்லை?

இரண்டு மாதம் கழித்து எங்கள் எல்லோருக்கும் சம்பளம் கூடியது. விவேக்கின் சம்பளத்தை வலைத்தளத்திலேயே போட்டார்கள், அதையும் அவரே முன்நின்று செய்தார். நன்கொடையாளர்கள் கேட்ட கேள்விதான் காரணம். கூடிய சம்பளத்தில் ஆப்பிள் வாங்கிக்கொண்டு பொம்மிடியில் உங்கள் வீட்டுக்கு வந்தேன். பேரனை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தீர்கள். கேட்டேன்: "அன்னிக்குத் தெரிஞ்சுதான் அனுப்புனீங்களாக்கா?"

"நீதான் அத்தன பேரு முன்னாலயும் சொல்லிப்போட்டியே, நான் தப்புப் பண்ண மாட்டேன்னு. இப்ப வூடு தேடி வந்து என்னத்தக் கேக்கற?" என்று சிரித்தீர்கள். "சோறு ஆக்கியிருக்கறேன், தின்னுட்டுப் போ."

அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம்? ஆமாம் என்றா? என்னைக் குத்திக் காட்டினீர்களா, வெறும் கிண்டலா? அடுத்த முறை நேராகவே கேட்டுவிடலாம் என்று இருந்தேன். அதற்குள் உங்களுக்கு நெஞ்சுவலி என்று போன் வந்தது. சாவுக்கு விவேக்கும் வந்திருந்தார். நடு வெயிலில் கடைசிவரை நின்றார், கண் சிவந்திருந்தது. நடிப்பில்லை, நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். மனிதரை முழுதாக வெறுக்கவும் முடியாமல் போயிற்று.

தெரிந்தே அனுப்பினீர்கள் என்று காலையில் நினைத்துக்கொள்கிறேன், தைரியமாக இருக்கிறது. தெரியாமல்தான் போயிருக்கும் என்று சாயங்காலம் தோன்றுகிறது, உங்களைப் புகழ்ந்தே உங்கள் வேலையைத் தின்றவள் ஆகிவிடுகிறேன். எது உண்மையானாலும் அன்றைக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரு பொய்தான். "அக்காவுக்கு இதெல்லாம் வராதுங்க. அடிக்கடி மாத்தி மாத்தி அனுப்பிருவாங்க, நான்தான் சரி பண்ணுவேன்." அவ்வளவுதான். பஸ்ஸில் போகும்போதெல்லாம் அதைச் சொல்லிப் பார்க்கிறேன், இப்போது தடங்கலே இல்லாமல் வருகிறது. கேட்டிருந்தால் உங்களுக்குப் பொசுக்கென்று கோபம் வந்திருக்கும். ஒரு வாரம் என் முகத்தில் விழித்திருக்க மாட்டீர்கள். எட்டாம் நாளும் பொம்மிடி பஸ்ஸிலிருந்து இறங்கி வேலைக்கு வந்திருப்பீர்கள்.