வாசனை இல்லாத பன்னிரண்டு சோப்புகள்

ஜூன் 14, சனி

கீமோ ஆரம்பித்ததிலிருந்து அம்மாவுக்கு எந்த சோப்பும் ஒத்துக்கொள்வதில்லை. வாசனை மூக்கில் ஏறினாலே வாந்தி. வெறும் தண்ணீரில் குளிக்கிறாள். வாசனையே இல்லாத சோப்பு நானே செய்யப் போகிறேன். நூலகப் புத்தகத்தில் மூன்று வழிகள் இருக்கின்றன.

கடையில் விற்கும் சோப்புக் கட்டியை உருக்கி அச்சில் ஊற்றுவது. ஒரு மணி நேரம். ஆனால் அதில் என்ன கலந்திருக்கிறார்களோ. அடுப்பில் காய்ச்சுவது. ஒரு வாரம். வீடு முழுக்க எண்ணெய் வாடை அடிக்கும். மூன்றாவது, அடுப்பே வேண்டாம் — காஸ்டிக் சோடா கரைசலைத் தேங்காய் எண்ணெயில் கலப்பது. நான்கு வாரம் காய வேண்டும்.

நான்கு வாரம். அம்மாவிடம் கேட்கவே பயமாக இருந்தது. கேட்டேன்.

"பண்ணுடி. நானும் சும்மா படுத்துக் காயறேன். அதுவும் காயட்டும்."

அப்பா சிரிக்கவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

மொட்டை மாடி. கையுறை, அப்பாவின் ஹெல்மெட். தண்ணீரில்தான் காஸ்டிக்கைப் போட வேண்டும், காஸ்டிக்கில் தண்ணீரை ஊற்றக் கூடாது. நான்கு முறை படித்தேன். அப்பா வாளித் தண்ணீரோடு தீயணைப்பு வீரர் மாதிரி நின்றார். தோசை மாவுப் பதம் வந்ததும் ஷூ பெட்டியில் காகிதம் விரித்து ஊற்றினோம்.

ஜூன் 17

பன்னிரண்டு துண்டுகள். அலமாரியில் அடுக்கி, 'ஜூலை 13' என்று எழுதி ஒட்டினேன்.

ஜூன் 26

"இன்னிக்கே ஒண்ணு குடேன். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றாள் அம்மா.

பதினொரு நாள்தான் ஆச்சு, எரியும்மா என்றேன்.

"ரொம்ப ஸ்ட்ரிக்ட்டுடி நீ."

ஜூலை 3, வியாழன்

காலை ஐந்து நாற்பது. அம்மா.

ஜூலை 5

அன்றைக்கு அம்மாவை எடுத்துக்கொண்டு போனதும் வீட்டைக் கழுவிவிட்டார்கள். பெண்கள் எல்லோரும் தலைக்குக் குளிக்க வேண்டும். ஒரு பாத்ரூம், பதினாறு பேர். லோகநாயகி அத்தை அலமாரியைத் திறந்தார். "எவ்ளோ சோப்பு வாங்கி வெச்சிருக்கா பாரு" என்று எடுத்து எடுத்துக் கொடுத்தார்.

பாத்திரம் தேய்க்க வரும் எல்லம்மா அக்கா பாத்ரூமுக்குள்ளேயிருந்து கேட்டார். "இன்னா சோப்பு இது, வாசனையே இல்ல?"

ஹாலில் உட்கார்ந்திருந்தேன். இன்னும் பத்து நாள் இருக்குன்னு சொல்லணும். வாய் வரல.

யாருமே எரியுதுன்னு சொல்லல. ஒருத்தர்கூட. அப்போ அன்னிக்கே குடுத்திருக்கலாமோ? குடுத்திருக்கலாம்ல?

அழுகை வரவில்லை. கடைசியில் என் கையிலும் ஒன்றைக் கொடுத்தார்கள். குளித்தேன்.

ஜூலை 8

ஒன்றுமில்லை.

ஜூலை 13, ஞாயிறு

அப்பா காலி அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு, நான் ஒட்டிய தேதியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காஸ்டிக் மீதி இருக்காம்மா?"

"இருக்குப்பா."

"ஒரு மணி நேரத்துல ஆகுமே, அது வேணா பண்றியா?"

"வேணாம்ப்பா. அதே பண்ணலாம்."

"வாசனை?"

"வேணாம்."

ஹெல்மெட்டை எடுத்து என் தலையில் மாட்டி, வாரைப் போட்டுவிட்டார். பிறகு வாளியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார்.

ஜூலை 13-ஐக் கிழிக்கவில்லை. அதற்குக் கீழே 'ஆகஸ்ட் 10' என்று எழுதினேன்.