எதிரே நின்று பிடித்தவள்

என் அருமை லூர்து அண்ணே,

உன் மஞ்சள் விமானம் பறந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

நீ செய்து முடித்தும் ஒருமுறைகூடப் பறக்கவிடாத, ரிமோட்டில் ஓட்டும் சின்ன ரேஸ் விமானம் அது. மாரடைப்பு வந்த அன்று காலையிலும், துறைமுகத்துக்கு வேலைக்குக் கிளம்புமுன் அதன் இறக்கையைத் துடைத்துவைத்தாய். அதன்பின் ஒரு வருடம் உன் படத்துக்குக் கீழே கிடந்தது. வருடப் பூசை முடிந்த மறுநாள், பறக்கவிடப் போகிறேன் என்று சொன்னதும் அம்மா சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்தாள்.

“அவன் கடைசியாக் கை வச்சதுன்னு இது ஒண்ணுதாம்ளா இருக்கு. அதையும் கொண்டுபோய் ஒடைச்சிட்டு வந்து நிப்பியா?”

எனக்கும் அந்தப் பயம்தான். உன் சிநேகிதன் அந்தோணி அண்ணனோடு போய், உன் பழைய பயிற்சி விமானத்தை ஓட்டிப் பழகியிருந்தேன். இது அப்படியல்ல, கண்ணிமைப்பதற்குள் கைமீறிவிடும். ஆனாலும், பறக்கவே பறக்காத ஒன்றை எத்தனை நாள் விமானம் என்று சொல்லிக்கொண்டிருப்பது?

நானே தயார் செய்தேன். இறக்கைக்கு அடியில் விரல் நுனிகளைக் கொடுத்துத் தூக்கி, மூக்கு லேசாகத் தாழும்வரை பேட்டரியை முன்னே நகர்த்தினேன். பிறகு மூக்கிலிருந்த காற்றாடியைக் கழற்றிவைத்துவிட்டு, விமானத்தின் பின்னால் உட்கார்ந்து, உன் ரிமோட்டின் குச்சியை வலப்பக்கம் சாய்த்தேன். வலது இறக்கையின் ஓரத்தில் இருக்கும் பட்டை மேலே எழுந்தது. எனக்குத் திக்கென்றது. நீ “வலது” என்று சொல்லும்போதெல்லாம் இடப்பக்கப் பட்டை எழுவதைத்தானே நான் பார்த்திருக்கிறேன்? அவசரத்தில் தப்பாக வைத்துவிட்டாய் என்று நினைத்தேன். ரிமோட்டில் அதன் திசையை மாற்றினேன்.

வேம்பார் சாலையில், உப்பளங்களை ஒட்டிய நம் பொட்டலுக்குப் போனோம். கச்சான் காற்று ஓய்ந்திருந்தது. வரவே மாட்டேன் என்ற அம்மா, அந்தோணி அண்ணனின் வேனில் எங்களுக்கு முன்பாக ஏறி உட்கார்ந்திருந்தாள். விமானம் சுற்றித் திரும்புவதற்காக நீ நட்ட இரண்டு கம்புகளும் அப்படியே நிற்கின்றன.

விமானத்தைக் கையால் எறிந்து பறக்கவிடுவதற்கு முன்னால் அந்தோணி அண்ணன் ஒருமுறை சரிபார்க்கச் சொன்னார். குச்சியை அசைத்தேன். அவர் முகம் மாறியது.

“ஏளா, நில்லு. இதை யாரு மாத்துனது?”

“நாந்தான். அண்ணன் தலைகீழா வச்சிருந்தான்.”

“அவனா? சட்டைப் பொத்தானத் தப்பாப் போடுவான், இதைத் தப்பா வைக்க மாட்டான். இப்படியே எறிஞ்சிருந்தா நேரா மண்ணுக்குள்ளதான். அவன் இதைச் சரிபாக்கும்போது நீ எங்கன நிப்ப?”

எதிரே. எப்போதும் எதிரேதான், இல்லையா அண்ணே? நம் முன்னறையில் நீ விமானத்தின் பின்னால் நிற்பாய். நான் மண்டியிட்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு, உன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். உன் வலது எனக்கு இடது. இத்தனை வருடமும் நீ நின்ற இடத்தில் நின்று நான் அதைப் பார்த்ததே இல்லை.

மாற்றியதைத் திருப்பி வைத்தேன். விமானத்தின் பின்னால் நின்று இன்னொருமுறை பார்த்தேன்.

அந்தோணி அண்ணன் ஓடி எறிந்தார். அந்தச் சீறலைக் கேட்டிருக்க வேண்டும் நீ! முதல் கம்பைத் தாண்டும்போது, யாரோ ஒருவர் சொல்வதற்காக என்னை அறியாமலே காத்திருந்தேன். ரேஸ் ஓட்டுகிறவனின் கண் விமானத்தை விட்டு நகரக் கூடாது. அது கம்பைத் தாண்டியதைப் பின்னால் நிற்பவர் பார்த்து “இப்ப” என்று சொன்னதும் திருப்ப வேண்டும். இந்தப் பொட்டலில் உன் பின்னால் நின்று உனக்கு அதைச் சொன்னவள் நான். எனக்கு யார்? விமானம் கடலைப் பார்த்துப் போய்க்கொண்டே இருந்தது, சின்னதாகி, இன்னும் சின்னதாகி.

“ஏளா, திருப்பு! கடலுக்குப் போவுது, திருப்புளா!”

அம்மா. என் தோளை இறுகப் பிடித்திருந்தாள். திருப்பினேன். வந்தது.

அடுத்த கம்புக்கும் அவளே சொன்னாள். அதற்கடுத்ததற்கும். “இப்ப” என்பதெல்லாம் கிடையாது. “ம், வா மக்கா, வா” என்றாள். என்னிடம் சொன்னாளா, உன்னிடமா?

இறங்கும்போது வயிற்றுப் பக்கம் உரசி மஞ்சள் கொஞ்சம் பெயர்ந்துவிட்டது. அம்மா முந்தானையால் மண்ணைத் துடைத்தாள். கீறலை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “பெயிண்டு இருக்கா வீட்டுல?” என்று மட்டும் கேட்டாள்.

இருக்கிறது அண்ணே, உன் அலமாரியிலேயே. பூசிவிட்டு, காற்று அடங்கும் காலைகளில் மறுபடி கொண்டுபோவேன். என்றாவது ஒருநாள் இது உடையும். அம்மாவுக்கும் அது தெரியும். அதுவரைக்கும், ஒவ்வொரு முறை எறியுமுன்னும் நீ நின்ற இடத்தில் நின்று பார்த்துவிட்டுத்தான் பறக்கவிடுவேன். இது என் வாக்கு.

இப்போது விமானத்தின் பின்னால் நிற்கும்
உன் தங்கச்சி